ஆஸ்பத்திரி ஏலம் நடத்த வரும் மகனுக்கு

கண்ணு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாகத்தான் இருப்பாய். நீ கடிதம் எழுதிய காகிதத்தின் வழவழப்பைப் பார்த்தாலே தெரிகிறது. இதை உனக்குத் தனியாகத் தபாலில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது" என்று சிரித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவாய். அதனால் நம் மாதர் சங்கத்து ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மலர்க் குழுவில் என்னிடம் வாழ்த்துரை கேட்டார்கள். வாழ்த்துவதற்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, கையில் இதுதான் இருக்கிறது, வேண்டாமென்றால் அந்தப் பக்கத்தில் இன்னொரு மோட்டார் பம்ப் விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். மலரில் பாதிக்கு மேல் மோட்டார் பம்பும் சிமெண்டும்தான். நடுநடுவே இருக்கும் கட்டுரைகளை எழுதியவர்களைத் தவிர யாரும் படிப்பதில்லை. நீ மட்டும் படித்தால் போதும்.

சங்கத்துக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டதில் தப்பில்லை. நம் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் அறை கட்ட வேண்டும், பணம் வேண்டும், பணத்துக்கு ஒரு ஏலம் நடத்த வேண்டும். ஊரிலிருந்து பம்பாய்க்குப் போய் விளம்பரக் கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பவன் நீ ஒருவன்தான். சோப்புக் கட்டியை ஊரெல்லாம் வாங்க வைக்கிறவனுக்கு இந்தச் சில்லறை ஏலம் எம்மாத்திரம் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருக்கிறாய். உன் திட்டத்தைப் படித்தேன். கொடுப்பவர்களின் மனநிலை, கூட்டத்தைச் சூடேற்றும் முறை, எமோஷனல் அப்பீல் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறாய். உன் அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்துவிட்டு, "பையன் நல்லாத்தான எழுதியிருக்கறான்" என்றார். அவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஜின்னிங் பேக்டரிக்குப் பருத்தி நனைந்து வந்தால் மட்டும்தான் அவருக்குக் கோபம் வரும்.

எனக்கு எந்த வரியில் கோபம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கடைசியில் எழுதியிருக்கிறாயே, அந்த வரி. "மேடையில் உண்மையான ஏழைக் கர்ப்பிணி ஒருத்தி நிற்க வேண்டும். ஏற்கெனவே பிள்ளையைப் பறிகொடுத்தவளாக இருந்தால் நல்லது. மைக்கில் நான்கு வார்த்தை சொல்லி அழுதால் ஏலத்தொகை எகிறும். அம்மா, நீங்கள் அப்படி ஒரு ஆளைத் தயார் செய்து வையுங்கள்." தயார் செய்து வைப்பதற்கு அவள் என்ன தீபாவளிக்கு மாவரைத்து வைக்கிற முறுக்கா? உன்னைப் பெற்று, பள்ளிக்கூடம் அனுப்பி, மெட்ராஸ் காலேஜுக்கு அனுப்பி, பம்பாய்க்கும் அனுப்பியது இந்த ஒரு வரியை எழுதுவதற்குத்தானா என்று இருந்தது. வெட்கமாக இருந்தது கண்ணு. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, நீ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் இந்த யோசனை இந்த ஊரில் ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. அப்போது நீ கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி எதற்காக வந்தது என்பது உனக்கு அரைகுறையாகத் தெரியும். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிள்ளை. யுத்த காலம், பெட்ரோல் ரேஷன், உன் தாத்தாவின் கார் ஷெட்டில் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தது. வலி வந்ததும் வில்வண்டியில் என்னைப் படுக்க வைத்துக் கோயமுத்தூருக்கு ஓட்டினார்கள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி வரும் வரும் என்று கேட்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். உன் அக்கா அந்தக் கேட்டுக்கு இந்தப் பக்கமே பிறந்து, அந்தப் பக்கம் போவதற்குள் போய்விட்டாள். கார் வைத்திருந்த வீட்டுப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், தோட்டத்திலும் பேக்டரியிலும் கூலிக்குப் போகிறவள் என்ன செய்வாள்? அவர்கள் பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அதை ஒரு சேதியாகவே பேசவில்லை.

யுத்தமெல்லாம் முடிந்து, சுதந்திரமும் வந்து, ஊரில் பணம் புழங்க ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் சிலர் மாதர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினோம். பத்துக் கட்டில், ஒரு நர்ஸம்மா, வாரத்தில் சில நாள் கோயமுத்தூரிலிருந்து வந்து போகிற ஒரு லேடி டாக்டர். இவ்வளவுதான் எங்கள் ஆசை. நன்கொடை கேட்டு வீடு வீடாகப் போனோம். இந்த ஊர்ப் பெரிய மனிதர்களின் யோக்கியதையை அப்போதுதான் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு மரியாதை. "வாங்க அம்மணி, உக்காருங்க, காப்பி குடிங்க." காப்பி வரும், முறுக்கு வரும், பணம் மட்டும் வராது. "நல்ல காரியமுங்க, கட்டாயம் செய்யோணுமுங்க. ஆனா எங்க ஊட்டுப் பொம்பளைங்க கோயமுத்தூர்ல பாத்துக்குவாங்க பாருங்க" என்பார் ஒருவர். "இந்த வருசம் வெள்ளாமை சரியில்லீங்க" என்பார் இன்னொருவர், வாசலில் புதுக் காருக்குப் பொட்டு வைத்துக்கொண்டே. இப்படி ஒரு ஐப்பசி முதல் தை வரை காப்பி குடித்தோம். எனக்கு வயிற்றெரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் எங்கள் சங்கத் தலைவியம்மாவின் அக்கா மகன் மெட்ராஸிலிருந்து வந்தார். அவரும் உன் ஜாதிதான், விளம்பரக் கம்பெனி. வெள்ளைக்காரத் துரைமார்களின் கிளப்பில் தர்ம ஏலம் நடத்திப் பார்த்தவராம். "நன்கொடை கேட்டால் தரமாட்டார்கள் ஆன்ட்டி, போட்டி போட வைத்தால் தருவார்கள்" என்றார். அது சரியான பேச்சு, அதில் நான் குறை காணவில்லை. நோட்டீஸ் அடித்தார், கலர் பல்பு கட்டினார், ரைஸ் மில் களத்தில் பந்தல் போட்டார். ரேடியோ, தையல் மிஷின், வெள்ளிக் குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம் என்று கடைக்காரர்களிடம் கேட்டு வாங்கி மேடையில் அடுக்கினார். வருகிறவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று சொந்தபந்தம் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு, பேர் எழுதி ஒட்டியும் வைத்தார். மாமனாருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, மச்சானுக்குப் பக்கத்தில் மச்சான், சம்பந்திக்குப் பக்கத்தில் சம்பந்தி. தலைவியம்மாவுக்கு ஒரே பெருமை. எங்களுக்கும் அது தப்பென்று தோன்றவில்லை. ஏலம் ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

ரேடியோவைத் தூக்கிக் காட்டினார். யாரோ ஒருவர் எழுபது ரூபாய் என்றார். கடையில் முந்நூறு ரூபாய் சாமான் அது. மெட்ராஸ்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. "கேளுங்க மச்சான், ஊட்டுக்கு ஆகுமே" என்றார் முதல் வரிசையில் ஒருவர். "அட, நீங்க கேளுங்க மாப்ள. நீங்க கேக்கறப்ப நான் குறுக்க வருவனுங்களா?" "இல்லீங்க இல்லீங்க, நீங்க மூத்தவங்க. நீங்களே எடுத்துக்கோங்க." அந்த வரிசை முழுக்க இதே கதை. பெண் கொடுத்த வீட்டுக்காரர் கேட்கிற சாமானை எதிர்த்துக் கேட்டால் நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசல் மிதிப்பது? தலைமுறை தலைமுறையாக இந்தக் கொங்கு நாட்டில் வளர்ந்த மரியாதை அத்தனையும் அந்தப் பந்தலில் வந்து உட்கார்ந்துகொண்டு எங்கள் ஆஸ்பத்திரியின் கழுத்தை நெரித்தது. ஒரு தரம், ரெண்டு தரம் என்று அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். எழுபது ரூபாய்க்கே ரேடியோ போனது. தையல் மிஷினும் அதே போல. வாங்கியவர் பக்கத்தில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மெட்ராஸ்காரருக்கு வியர்த்துவிட்டது. மேடைக்குப் பின்னால் தலைவியம்மாவோடு ஏதோ குசுகுசுவென்று பேசினார். கார் ஒன்று கிளம்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் நம் பேக்டரியில் பருத்தியில் தூசி பொறுக்குகிற மாராத்தாளைக் கூட்டிக்கொண்டு வந்து மேடையில் ஏற்றினார்கள். எட்டு மாதம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளை தங்காதவள். லேடி டாக்டர் வந்திருக்கிறார், உன்னைப் பார்ப்பார் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவளும் தலைசீவி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மேடையில் நின்று டாக்டரம்மாவைத் தேடினாள். அதற்குள் மெட்ராஸ்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் பேர், அவள் புருஷன் பேர், அவன் குடிக்கிறது, பிள்ளைகள் போனது எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "அம்மா, நீயே சொல்லு" என்று மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினார். அவள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

கூட்டத்துக்கு இரக்கம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். இரக்கம் வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? நாலணா, எட்டணா என்று மேடையில் வீசினார்கள். அவள் காலடியில் காசு விழுந்து உருண்டது. தையல் மிஷினுக்கு வாயைத் திறக்காத ஒருவர், "இவ அப்பன் நம்ம தோட்டத்துல இருந்தவனுங்க, நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்குக்கூடக் கையின் மேல் துண்டைப் போர்த்தி, அதற்குள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். இவளுக்கு அந்தத் துண்டுகூட இல்லை. நான் எழுந்து போய்க் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டாக்டரம்மா வரவே இல்லீங்களா அம்மணி?"

அன்றைக்குச் சேர்ந்த பணத்தில் பந்தல்காரருக்குக் கொடுத்தது போக மிச்சம் அஸ்திவாரத்துக்குக்கூடப் போதவில்லை. மெட்ராஸ்காரர் இரவு ரயிலுக்கே கிளம்பிவிட்டார். இந்த ஊர் ஆட்களுக்குக் கல்ச்சர் போதாது என்று தலைவியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்தச் சித்திரையில் மாரியம்மன் நோன்பு. அம்மன் மடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை வழக்கம்போல ஏலம் விட்டார்கள். பெரிய தோட்டத்துக்காரரும் மேட்டுத் தோட்டத்துக்காரரும் பங்காளிகள், ஒரே பாட்டனுடைய பேரன்கள். நடுவில் இருக்கும் கிணறு யாருக்கு என்று கோர்ட்டில் நிற்கிறவர்கள். ஒருவர் ஐம்பது என்றால் மற்றவர் அறுபது. ஒருவர் நூறு என்றால் மற்றவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நூற்றைம்பது. காலணாவுக்குக் கடையில் கிடைக்கிற பழம் ஒரு தையல் மிஷின் விலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மாமன் மச்சான் எதிரில் வாயைத் திறக்காத அதே ஆட்கள்தான். கும்பிட வந்த நான் கும்பிடுவதை விட்டுவிட்டு அவர்கள் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாமான் வாங்குவதற்காக இவர்கள் ஏலம் கேட்பதில்லை. பங்காளி தோற்பதைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும், அதற்குத்தான் காசு. அந்த நிமிஷத்தில் இந்த ஜனங்களின் மேல் எனக்கு எவ்வளவு இளக்காரம் வந்ததோ, அவ்வளவு நம்பிக்கையும் வந்தது. என் ஆஸ்பத்திரியை இவர்கள் கையாலேயே கட்டிவிடலாம் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த ஏலத்தை நான் நடத்தினேன். நீ பம்பாயில் எந்தப் புஸ்தகத்தில் படித்தாயோ தெரியாது, நான் செய்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். முதலில் நாற்காலி. சம்பந்திகளைப் பிரித்து மூலைக்கு ஒருவராகப் போட்டேன். பங்காளிகளை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கம் உட்கார வைத்தேன். ஒவ்வொருவருடைய வீட்டம்மாவையும் அவருக்கு எதிர்வரிசைக்குப் பின்னால், அவர் தலை நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். புருஷன் பின்வாங்கினால் அந்த அம்மா முகம் கோணும், அது போதும். ஒலிபெருக்கியின் ஒரு குழாயைப் பந்தலில் கட்டி, இன்னொன்றைக் கடைவீதி டீக்கடைக்குக் கட்டினேன். பந்தலுக்குள் வராத பண்ணையாட்களுக்கும் எதிராளியின் ஆட்களுக்கும் யார் எங்கே நிறுத்திக்கொண்டார் என்று கேட்க வேண்டும். சமையல் பந்தலைக் காற்று வரும் பக்கம் போட்டேன். நெய் மணக்கும், இலை மட்டும் கடைசி ஏலம் முடிந்த பிறகுதான் போடுவோம். போட்டோக்காரரிடம் பணம் பெட்டிக்குள் விழுந்த பிறகு பல்பை எரித்தால் போதும் என்று சொல்லி வைத்தேன். கடையில் விலை தெரிந்த ஒரு சாமானைக்கூட மேடையில் ஏற்றவில்லை. விலை தெரிந்த சாமானுக்கு யாராக இருந்தாலும் கணக்குப் பார்ப்பார்கள்.

என்ன ஏலம் விட்டேன் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குக் கால்கோள் விழா நடத்தி வெட்டிய முதல் கூடை மண். வெறும் செம்மண் கண்ணு, உள்ளே இரண்டு ஓட்டுச் சில்லும் கிடந்தது. கூடைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மேடையில் வைத்தேன். பெரிய தோட்டத்துக்காரர் இருபத்தைந்து என்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். மேட்டுத் தோட்டத்துக்காரர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஐம்பது என்றார். நான் மைக்கில் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "மேட்டுத் தோட்டம் ஐம்பதுங்க. பெரிய தோட்டத்துல போதுமுங்களா?" அவ்வளவுதான். போதுமுங்களா என்ற அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு பணிவாகச் சொல்வேன். அது போய் அவர் நெஞ்சில் தைக்கும். "போதும்னு யாருங்க சொன்னது? இருநூறு!" என்று எழுந்து நின்றுவிட்டார். எதிர்வரிசைக்குப் பின்னால் அவர் வீட்டம்மா மூக்குத்தி மின்னச் சிரித்தார். மேட்டுத் தோட்டத்து அம்மா புருஷனை முறைத்தார். முந்நூறு, நானூறு, ஐந்நூறு. டீக்கடையில் விசில் சத்தம். கடைசியில் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து ஒரு கூடை மண்ணை எடுத்துக்கொண்டு காரில் வைத்துப் போனார் மேட்டுத் தோட்டத்துக்காரர். அதில் கருவேப்பிலைச் செடி வைத்தார்கள், இன்னும் இருக்கிறது. தோற்றவர் சும்மா இருப்பாரா? முதல் கட்டிலில் பேர் எழுதும் உரிமையை அதற்கு மேல் கொடுத்து எடுத்தார். பத்துக் கட்டிலும் அப்படியே போயின.

அந்தக் கட்டில்களைப் போய்ப் பார். தலைமாட்டு இரும்புப் பட்டையில் உபயம் இன்னார் என்று பச்சைப் பெயிண்டில் இருக்கும். வலி வந்தவள் அந்தப் பட்டையைத்தான் பிடித்துக்கொண்டு கத்துவாள். புருஷனில் ஆரம்பித்துப் பிரம்மா வரைக்கும் யாரை யாரை வைய முடியுமோ அத்தனை பேரையும் வைவாள். அந்தப் பேர்களெல்லாம் இத்தனை வருஷமாக அங்கேயே இருந்து கேட்டுக்கொண்டிருக்கின்றன. எனக்கு மனசு சரியில்லாத நாட்களில் வார்டில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அதைக் கேட்பேன், தெம்பாக இருக்கும். இதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அவர்களுடைய அகம்பாவத்தைத்தான் விற்றேன், அது அவர்களிடம் தேவைக்கு மேலேயே இருந்தது. விற்றதால் ஒருவரும் தலை குனியவில்லை.

நான் தலை குனிந்தது மாராத்தாளிடம்தான். மேடையில் நின்றபோது வயிற்றில் இருந்த பிள்ளையும் தங்கவில்லை, அப்போது ஆஸ்பத்திரி கிடையாது. ஆஸ்பத்திரி வந்த பிறகு மறுபடியும் உண்டானாள். அவள் குடியிருந்த ஓலைச் சாளைக்கும் ஆஸ்பத்திரிச் சுவருக்கும் நடுவில் வேலியோரமாகப் போகிற ஒரு இட்டேரித் தடம்தான். ஒன்பதாம் மாதம் நானே போய்க் கூப்பிட்டேன். நர்ஸம்மா இருக்காங்க, நல்லா பாத்துக்குவாங்க, வா மாராத்தா என்றேன். அவள் பாய் எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க அம்மணி. அங்க வந்து படுத்தன்னா, மேடையில நின்னாளே அவளாட்டம்னு சொல்லுவாங்க. காசு பொறுக்கித்தான கட்டுனதுன்னு எம்பட காதுலயே உழுகும். ஊட்டுலயே ஆவட்டுங்க." எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "செரிங்க, பாக்கறனுங்க" என்றாள். இந்த ஊரில் அதற்கு வரமாட்டேன் என்று அர்த்தம். வரவில்லை. நர்ஸம்மா ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அதுவும் கை நழுவிப்போயிற்று. சுவருக்கு இந்தப் பக்கம் பத்துக் கட்டில், பத்துப் பேர், பச்சைப் பெயிண்ட். அந்தப் பக்கம் இப்படி. அவள் இன்னும் நம் பேக்டரியில்தான் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து நிற்பாள்.

நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். மெட்ராஸ்காரரும் கெட்டவர் இல்லை, ஒரு பூச்சியைக்கூடக் கொல்ல மாட்டார். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. காசு உள்ளவனை வெட்கப்படுத்த உங்களுக்குத் தைரியம் கிடையாது. அதனால் இல்லாதவளைக் கொண்டுவந்து நிறுத்தி அவளை வெட்கப்படுத்துகிறீர்கள். அதைப் பார்த்துக் காசுள்ளவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டணா போடுவான், தன்னைப் போல இளகிய மனசுக்காரன் உண்டா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவான். இதற்கு எமோஷனல் அப்பீல் என்று ஒரு பேர். ஆபரேஷன் அறை கட்டிவிடுவாய். அதற்குள் கால் வைக்க வேண்டியவள் வாசலோடு திரும்பிப் போவாள். உன் சோப்புக் கட்டியை வாங்காவிட்டால் யாரும் சாகப்போவதில்லை கண்ணு. இது அப்படி இல்லை.

நாற்காலியை எப்படிப் போடுவது என்று சொல்லிவிட்டேன். பெரிய தோட்டத்துக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மகன் இருக்கிறான், கிணற்றுக் கேஸும் இருக்கிறது. மண் கூடை பழசாகிவிட்டது, வேறு ஏதாவது குப்பையாக நீயே யோசி, அதற்குத்தானே உனக்குச் சம்பளம். இத்தனையும் சொன்ன பிறகும் இல்லை, மேடையில் ஒருத்தி நின்றே ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், நீ கேட்டபடி ஆளைத் தயார் செய்து வைத்துவிட்டேன். கர்ப்பிணி இல்லை, வயதானவள். அது ஒன்றுதான் குறை. மற்றதெல்லாம் நீ எழுதியபடியே இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவள். மைக்கில் நன்றாகப் பேசுவாள். அழச் சொன்னால் அழுவாள், அதற்கு அவளுக்குப் பழக்கம் வேண்டியதில்லை. உன் அக்காவை ரயில்வே கேட்டில் மடியில் வைத்துக்கொண்டு கூட்ஸ் வண்டியில் எத்தனை பெட்டி என்று எண்ணியவள். இத்தனை வருஷமாக அப்படி எண்ணியதை உன் அப்பாவிடம்கூடச் சொல்லாதவள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவேன். பெரிய மனிதர்களெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கட்டும், நீ என் பக்கத்தில் நின்று என் பேரையும் உன் அக்காவின் கதையையும் ஒலிபெருக்கியில் சொல்லு, டீக்கடை வரைக்கும் கேட்கட்டும். ஏலம் கூறுகிறவன் முதல் தொகையைத் தானே சொல்ல வேண்டும் என்று உன் திட்டத்தில் எழுதியிருக்கிறாய்.

எனக்கு எவ்வளவில் ஆரம்பிப்பாய் என்று மட்டும் பதில் எழுது.

உன் அம்மா